பிளேஆஃப் காலத்துப் பந்து வழக்கு: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, இனயம் என்று வரிசையாகக் கிடக்கும் ஊர்களில் பந்து என்றால் அது கால்பந்துதான். கிரிக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால்தான் பெயர் சொல்லித் தொடங்க வேண்டும். உலகக் கோப்பை ஆண்டுகளில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஃபிளெக்ஸ் கட்டுகிற இதே தெருக்களில், இந்தியன் சூப்பர் லீக்கில் லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் நெருங்கும்போது வேறு வகையான ஒரு வழக்கு, அதாவது வாய்ச்சண்டை, தொடங்கும். பிரேசில் வழக்கில் இருக்கும் விளையாட்டுத்தனம் இதில் இராது. ஒரு தரப்பு சென்னையின் எஃப்சிக்கு, மறுதரப்பு கேரளா பிளாஸ்டர்ஸுக்கு. இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒரே வீட்டில் உண்டு உறங்குபவை. நான் சென்னையின் அணியின் ஆள், என் மச்சான் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைக்காரர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் தவறுகளில் பாதியையாவது நானே செய்திருக்கிறேன்.

எந்தக் கோப்பையைப் பற்றிப் பேசுகிறோம்?

இருவர் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, ஒரே கேள்வியில் மோதுவதாக நினைத்துக்கொள்வதுதான் பிளேஆஃப் வழக்குகளில் நான் அதிகமாகக் காணும் தவறு. "இந்த ஆண்டின் சிறந்த அணி எது?" என்பது ஒரு கேள்வி. "கோப்பையை வென்ற அணி எது?" என்பது வேறொரு கேள்வி. லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு ஷீல்டு வழங்கும் வழக்கம் 2019-20 பருவத்தில் தொடங்கியது. பிளேஆஃப் வழியாக இறுதி ஆட்டத்தில் வெல்லும் அணிக்குக் கோப்பை. ஒன்று பல மாத உழைப்பின் கணக்கு, மற்றொன்று சில இரவுகளின் கணக்கு.

ஷீல்டு அறிமுகமான அந்த 2019-20 பருவத்தையே எடுத்துக்கொள்ளலாம். 18 ஆட்டங்களில் 39 புள்ளிகள் எடுத்து எஃப்சி கோவா ஷீல்டைப் பெற்றது. பருவத்தின் நடுவில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த சென்னையின் அணி, தட்டுத்தடுமாறி எழுந்து 29 புள்ளிகளுடன் நான்காம் இடத்துக்கு வந்து சேர்ந்தது. அரையிறுதியில் இந்த இரண்டு அணிகளும் மோதின. சென்னையில் 4-1 என்று நாங்கள் வென்றோம். கோவாவில் 4-2 என்று அவர்கள் வென்றார்கள். கூட்டிப் பார்த்தால் 6-5. பத்துப் புள்ளிகள் முன்னால் நின்ற அணி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. அன்றிரவு "கோவாவை விட நாங்கள்தான் சிறந்த அணி" என்று நான் மச்சானிடம் உரக்கச் சொன்னேன். அது பிழை. நாங்கள் அந்த இரண்டு ஆட்டங்களில் கோவாவை வெளியேற்றிய அணி, அவ்வளவுதான். இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றபோது, மச்சான் என் வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்கே திருப்பிச் சொன்னார்.

ஷீல்டையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் சேர்த்து வென்ற அணிகளும் உண்டு. 2020-21இல் மும்பை சிட்டி, 2024-25இல் மோகன் பகான். அப்படிப்பட்ட ஆண்டுகளில் இந்த வழக்கே எழாது. மற்ற ஆண்டுகளில், வாய் திறக்கும் முன் எதிராளியிடம் "நீங்கள் ஷீல்டைச் சொல்கிறீர்களா, கோப்பையைச் சொல்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பிளேஆஃபின் அமைப்பே தெரியாமல் பேசுவது. தொடக்கக் காலத்தில் முதல் நான்கு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போயின. 2022-23 முதல் 2024-25 வரையிலான பருவங்களிலோ ஆறு அணிகள் தகுதி பெற்றன: முதல் இரண்டு இடங்கள் நேரடியாக அரையிறுதிக்கு, மூன்றாவது ஆறாவதோடும் நான்காவது ஐந்தாவதோடும் நாக்அவுட் எனப்படும் ஒரே ஆட்டத்தில் மோதின, அதுவும் பட்டியலில் மேலே நிற்கும் அணியின் சொந்த மைதானத்தில். அரையிறுதி இரண்டு ஆட்டங்கள், இறுதி ஒன்று. ஆகவே "இன்று தோற்றால் என்ன, இரண்டாவது ஆட்டம் இருக்கிறதே" என்று நாக்அவுட் நாளில் சொல்லும் ரசிகர், நான்கு அணி முறையிலேயே நின்றுபோனவர். ஐரோப்பிய ஆட்டங்களை இரவெல்லாம் விழித்துப் பார்ப்பவர்களுக்கு வேறொரு பழக்கம்: வெளியூரில் போட்ட கோலுக்குத் தனி மதிப்பு உண்டு என்று கணக்குப் போடுவது. அந்த விதியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமே 2021-22 பருவம் முதல் கைவிட்டுவிட்டது. எந்தப் போட்டிக்கு எந்த விதி என்பதைப் பார்க்காமல் பழைய மனக்கணக்கைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

விசில் அடிக்கவில்லை என்ற வாதம்

2023 மார்ச் 3ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா அரங்கத்தில் நடந்த நாக்அவுட் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பிளேஆஃப் வழக்கும் முடிவதில்லை. 90 நிமிடங்கள் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96ஆம் நிமிடத்தில், பிளாஸ்டர்ஸ் அணியின் தடுப்புச் சுவர் இன்னும் நின்றுகூட முடியாத நிலையில், கோலைக் காக்கும் கோலி ஓரமாக நின்று ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தபோது, பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி, பவுலுக்குக் கிடைத்த ஃப்ரீகிக்கைச் சட்டென்று வலைக்குள் அனுப்பினார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியை மைதானத்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறினார். அணி திரும்பி வரவில்லை. ஆட்டம் பெங்களூருவுக்கே 1-0 என்று அளிக்கப்பட்டது. பிறகு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றி மஞ்சள் தரப்பு சொல்லும் முதல் வாக்கியம், "விசில் அடிக்கவில்லை, எனவே கோல் செல்லாது" என்பது. இது தவறு. ஃப்ரீகிக் எடுக்க ஒவ்வொரு முறையும் விசில் வேண்டும் என்று ஆட்ட விதிகளில் எங்கும் இல்லை. தவறிழைக்கப்பட்ட அணி விரும்பினால், எதிரணி 9.15 மீட்டர் விலகி நிற்கும் வரை காத்திராமல் உடனே உதைக்கலாம். அப்படி விரைந்து எடுத்துக்கொள்ளும் உரிமையே அந்த அணிக்கு ஈடாகத் தரப்படுகிறது, ஏனென்றால் பவுல் செய்த அணி நிதானமாகச் சுவர் கட்டிக்கொள்ள அவகாசம் பெறுவது பவுலுக்குக் கிடைத்த பரிசாகிவிடும்.

ஆனால் சென்னையின் அணிக்காரர்களான நீலத் தரப்பு இதைக் கேட்டவுடன் சாயா கிளாஸை மேசையில் அடித்து, "பார்த்தாயா, முடிந்தது வழக்கு!" என்று எழுந்துகொள்வதும் தவறுதான். நடுவர் அட்டை காட்டும்போதோ, தூரத்தை அளந்து சுவரை நிறுத்தத் தொடங்கும்போதோ, விசிலுக்குக் காத்திருக்கும்படி உதைப்பவரிடம் தெரிவித்துவிட்டாலோ, விசில் இல்லாமல் ஆட்டம் மறுபடி தொடங்காது. ஆகவே அன்றைய இரவைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி விசில் அடித்தாரா என்பது அன்று. அந்த நொடியில் நடுவர் ஆட்களை நகர்த்தும் வேலையில் இறங்கிவிட்டாரா, சேத்ரியிடம் என்ன சொன்னார் என்பதே கேள்வி. பிளாஸ்டர்ஸ் தரப்பின் முறையீடும் அந்த இடத்தில்தான் நின்றது, அது ஏற்கப்படவில்லை. இதைப் பற்றி நானும் மச்சானும் மூன்று முறை காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறோம். இன்றும் உடன்பாடில்லை, ஆனால் எதில் உடன்பாடில்லை என்பதாவது இப்போது இருவருக்கும் தெரிகிறது.

கோல் செல்லுமா என்ற கேள்வியும், அணியை வெளியே அழைத்துப் போனது சரியா என்ற கேள்வியும் வேறு வேறானவை என்பதை எங்கள் பக்கத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். கோல் தவறென்றே வைத்துக்கொண்டாலும், இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் இருந்தது. வெளியேறாமல் ஆடியிருந்தால் சமன் செய்திருக்கலாம். மச்சான் இதை மட்டும் ஒப்புக்கொள்வார், அதுவும் வேறு யாரும் அருகில் இல்லாதபோது.

கேரம் பலகையில் ஆஃப்சைடு

விதி தெரியாமல் வாதிடுவதில், எதிரணியின் கோல் அருகே முன்கூட்டியே போய் நின்று பந்தைப் பெறுவதைத் தடுக்கும் ஆஃப்சைடுக்கு இணை எதுவும் இல்லை. எங்கள் மன்றத்தில் ஒரு மாலை, கேரம் ஆடிக்கொண்டிருந்த பலகையை அப்படியே நிறுத்தி, ஒரு அண்ணன் கறுப்புக் காய்களைத் தடுப்பாட்டக்காரர்களாகவும் வெள்ளைக் காய்களைத் தாக்குபவர்களாகவும் அடுக்கினார். சிவப்பை கோலியாக்கினார். ஸ்ட்ரைக்கர் நடுவராம். பவுடர் தூவிய பலகையில் காய் தானாகவே வழுக்கிக்கொண்டு போக, ஒவ்வொரு முறையும் ஒருவர் விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"லேய் மக்கா, கடைசிப் பேக்குக்கு முன்னால நின்னா ஆஃப்சைடு, அவ்வளவுதான்" என்றார் அண்ணன். அங்கேதான் பிழை. விதி கடைசித் தடுப்பாட்டக்காரரைப் பற்றிப் பேசவே இல்லை. எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைப் பற்றித்தான் பேசுகிறது. பெரும்பாலும் கடைசி ஆளாகக் கோலி நிற்பதால், அவருக்கு முன்னால் நிற்கும் பேக் கோட்டைத் தீர்மானிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கார்னருக்குக் கோலியும் மேலே ஏறிப் போய்விட்ட கடைசி நிமிடங்களில் பார்த்தால் வித்தியாசம் புரியும். பின்னால் ஒரே ஒரு பேக் மட்டும் நிற்க, அவருக்கு இணையாக நிற்பவர்கூட ஆஃப்சைடு நிலையில் இருப்பார், ஏனென்றால் அவருக்கும் கோலுக்கும் இடையில் இருவர் இல்லை. பிளேஆஃபில் தோற்கிற அணி கடைசி நேரத்தில் கோலியை அனுப்புவது சாதாரணம் என்பதால், இந்த நிலை வேறெந்தக் காலத்தையும் விட இப்போதுதான் அதிகமாக வரும்.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தன் பாதி மைதானத்தில் நிற்பவர் ஆஃப்சைடு ஆகமாட்டார். கைகள் கணக்கில் வராது. த்ரோ, கோல்கிக், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை. ஆஃப்சைடு நிலையில் நிற்பதே குற்றமும் இல்லை. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். கணக்கிடும் நேரம் சக ஆட்டக்காரர் பந்தைத் தொடும் நொடி, பந்து வந்து சேரும் நொடி அன்று. தொலைக்காட்சியில் நாம் படத்தை நிறுத்தும் இடம் பெரும்பாலும் இரண்டாவது நொடியாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25 பருவம் வரை காணொளி உதவி நடுவர் முறை இருந்ததில்லை. கோட்டருகில் ஓடிக்கொண்டிருந்த மனிதர் ஒரே முறை பார்த்துச் சொன்னதை, நாம் சாயக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டே எட்டாவது முறை பார்த்துத் திருத்துகிறோம். திருத்தலாம். திட்டும்போது மட்டும் இந்த வசதி வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் சொற்கள் கொஞ்சம் மென்மையாகும்.

ஒரே இரவை வைத்து ஆளை அளப்பது

பிளேஆஃப் என்பது மிகச் சில ஆட்டங்கள். அந்தச் சில ஆட்டங்களில் நடந்ததை வைத்து ஒருவரை என்றென்றைக்கும் முத்திரை குத்துவது, ரசிகர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இதற்கு லட்சுமிகாந்த் கட்டிமணியின் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

2015 டிசம்பரில் கோவாவின் ஃபடோர்டா அரங்கத்தில் இறுதி ஆட்டம், கோவாவுக்கும் சென்னையின் அணிக்கும் இடையே. 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறிவிட்டது. 90ஆம் நிமிடத்தில் கோவாவின் கோலி கட்டிமணியின் மேலேயே பட்டு பந்து வலைக்குள் விழுந்தது, சொந்தக் கோல். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எங்கள் மென்டோசா இன்னொன்று போட, 3-2 என்று கோப்பை எங்களுக்கு வந்துவிட்டது. அந்த இரவு எங்கள் மன்றத்தில் கட்டிமணியின் பெயரைச் சொல்லி ஆடிய ஆட்டத்தில் நானும் உண்டு. பிறகு பல ஆண்டுகளுக்கு, எந்தக் கோலி பந்தைக் கைநழுவவிட்டாலும் எங்கள் ஊரில் அவர் பெயரைத்தான் சொல்லிக் கேலி செய்தார்கள்.

2022 மார்ச் 20ஆம் தேதி அதே ஃபடோர்டா அரங்கம், மற்றொரு இறுதி ஆட்டம். ஹைதராபாத் அணிக்கும் பிளாஸ்டர்ஸுக்கும் 1-1 என்று முடிந்து பெனால்ட்டிக்குப் போனது. ஹைதராபாத்தின் கோலி கட்டிமணி. அவர் மூன்று பெனால்ட்டிகளைத் தடுத்தார். 3-1 என்று கோப்பை ஹைதராபாத்துக்குப் போனது. 2014இல் கொல்கத்தாவிடம் 1-0, 2016இல் கொச்சியில் சொந்த ரசிகர்கள் முன்னால் பெனால்ட்டியில் 4-3, இப்போது மூன்றாம் முறை என்று இறுதி வரை வந்து வெறுங்கையோடு திரும்பிய மஞ்சள் தரப்புக்கு, ஆறு ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் கேலிக்கு வைத்திருந்த ஒரு பெயர் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பெனால்ட்டியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெனால்ட்டி மோதலில் விழும் கோல்கள் ஆட்டத்தின் கோல் கணக்கில் சேர்வதில்லை. பதிவேட்டில் அந்த ஆட்டம் சமநிலைதான், அடுத்து யார் போவது அல்லது கோப்பை யாருக்கு என்பதை மட்டும் அந்த உதைகள் முடிவு செய்கின்றன. ஆகவே "இறுதி ஆட்டத்தில் எங்களை அடித்துத் துவைத்தார்கள்" என்று 2016ஐயோ 2022ஐயோ பற்றிச் சொல்வது பொருத்தமற்றது. பெனால்ட்டி வெறும் அதிர்ஷ்டம் என்பதும் பொருத்தமற்றதுதான். மூன்றைத் தடுப்பதற்கு உதைப்பவரின் ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ எந்த ஊர்க்காரன்?

இனி வருவது, குமரி மாவட்டத்துக்கே உரிய தவறு. வாதத்தில் தோற்கும் நிலை வந்ததும் யாராவது ஒருவர், "தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேரள அணிக்கு ஏன் கத்துகிறாய்?" என்று கேட்டுவிடுவார். மறுதரப்பும் சும்மா இராது. சென்னை எங்களுக்கு எப்போது என்ன செய்தது என்று தொடங்கி, பந்தை விட்டுவிட்டு வரலாற்றுக்குப் போய்விடும். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. எல்லைக்கு அப்புறம் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர், கொச்சி 300க்குள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேரக்கூடிய மைதானம் எது என்று கணக்குப் பார்த்தால், என் மச்சானின் தேர்வில் துரோகம் எதுவும் இல்லை என்பது புரியும். எனக்குப் புரிய ஐந்து ஆண்டுகள் ஆயின.

அதற்குள் அந்தக் கேள்வியையே அபத்தமாக்கிய ஒரு இரவும் வந்து போனது. 2020 மார்ச்சில் சென்னையின் அணியை 3-1 என்று வென்று கோப்பையை எடுத்த ஏடிகே அணியில் இருந்தவர் மைக்கேல் சூசைராஜ், எங்கள் மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர். நம் மாநில அணிக்குக் கத்துவதா, நம் கடற்கரைப் பையனுக்குக் கத்துவதா? அன்று மன்றத்தில் இரண்டுக்கும் கத்தினார்கள். கோல் விழும்போது சென்னைக்கும், சூசைராஜ் பந்தை எடுத்து இடப்புறமாக ஓடும்போதெல்லாம் ஏடிகேவுக்கும். தர்க்கத்தில் இது நிற்காது என்று நினைப்பவர்கள் கடற்கரையில் வளராதவர்கள். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்து வெளியேற நேர்ந்தபோது, எதிரே ஆடிய அணி பிளாஸ்டர்ஸ். மஞ்சள் சட்டை போட்டிருந்த மச்சான் அன்று தொலைக்காட்சி முன்னாலிருந்து எழுந்து போய்விட்டார், ஆட்டத்தின் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

ஊர், மொழி, சாதி, சபை என்று எதுவும் ஆட்டத்தின் நியாயத்தை நிறுவாது. அந்தச் சொற்கள் வாதத்துக்குள் நுழைந்தால் பந்தைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு எழுந்து போவது நல்லது. பணம் வைத்துப் பந்தயம் கட்டியவரோடு வாதிடுவதும் வீண். அவர் பேசுவது ஆட்டத்தைப் பற்றி அன்று.

முந்திச் சொல்வது

கைபேசியில் ஓடும் நேரலை, தொலைக்காட்சி ஒளிபரப்புக்குச் சில நொடிகள், சில வேளைகளில் அரை நிமிடத்துக்கு மேலும் பின்தங்கும். மைதானத்திலிருந்து வரும் படத்தைத் துண்டு துண்டாக்கி, இணையத்தில் அனுப்பி, கைபேசி கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு காட்டுவதால் ஏற்படும் தாமதம் இது. சாயக்கடைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர் வாட்ஸ்அப் குழுவில் "கோல்!" என்று போட்டுவிட்டால், பேருந்தில் கைபேசியோடு இருப்பவருக்கு அந்த ஆட்டம் செத்துவிடும். பெனால்ட்டி மோதலின்போது இது பெரும் பாவம். ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் யாருடைய உரிமையும் பறிபோகாது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தவறுக்கு இன்னொரு நீண்ட வடிவமும் உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் உள்ளவர்கள் முப்பது, நாற்பது நாள் கழித்தே கரைக்கு வருவார்கள். லீக் சுற்றின் நடுவில் போனவர் அரையிறுதி முடிந்து வருவார். அவருடைய கணக்கில் இன்னும் தம் அணி மூன்றாம் இடத்தில் நிற்கும்; காயமடைந்த முன்களத்தவர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். அவரிடம் வாதத்துக்குப் போய், தெரியாததைத் தெரியவில்லை என்று நகைப்பது முறையன்று. ஒருமுறை தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் படகு வந்து நின்றதும், கரையில் நின்ற ஒரு தம்பி உற்சாகத்தில் இறுதி ஆட்டத்தின் முடிவைக் கூவிச் சொல்லிவிட்டான். படகிலிருந்து மீன்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த அவனுடைய சித்தப்பா கூடையைக் கீழே வைத்தார். "எடே, முப்பத்திநாலு நாளு யாருகிட்டயும் கேக்காம வந்தேன்டே" என்றார். அன்று முதல் எங்கள் மன்றக் குழுவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அவர்கள் கரைக்கு வந்து, குளித்து, உண்டு, மன்றத்துத் தொலைக்காட்சியில் ஆட்டத்தை முழுமையாகப் பார்த்து முடிக்கும் வரை யாரும் அவர்களிடம் வாய் திறப்பதில்லை. சித்தப்பா இப்போது வந்து இறங்கும்போது எங்கள் முகங்களைக்கூடப் பார்க்காமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகிறார்.